மினோல்டா எஸ்ஆர்டி 101: கேமரா மீட்டர் ஒண்ணு சொல்லுது, போன் ஆப் ஒண்ணு சொல்லுது, எதை நம்புறது?

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். மினோல்டா எஸ்ஆர்டி 101-ன்னு ஒரு பழைய ஃபிலிம் கேமரா கைக்கு வந்திருக்கு, 55 மிமீ எஃப்/1.7 எம்சி ரோக்கார் லென்ஸோட. டிஜிட்டல்ல மேனுவல் மோடு பழக்கம் இருக்கு, ஸ்டாப் கணக்கு (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு, இல்லேன்னா பாதி) தெரியும். ஃபிலிம் மட்டும் புதுசு.

இதோட மீட்டருக்குப் போட வேண்டிய 625 பட்டன் செல் எந்தக் கடையிலயும் இல்ல. எல்ஆர்44 வாங்கி, சுத்தி அலுமினியம் ஃபாயிலைச் சுருட்டி வச்சேன். மீட்டர் உயிரோட இருக்கு, முள்ளு நல்லா ஏறி இறங்குது. ஆனா ஐஎஸ்ஓ 200 வச்சு நிழல்ல இருக்கிற ஒரு சுவரைப் பாத்தா, போன் ஆப் 1/125-க்கு எஃப்/8 சொல்லுது. கேமராவுல எஃப்/11 தாண்டி 16-க்கு முன்னாடி எங்கேயோதான் வியூஃபைண்டர்ல தெரியிற முள்ளும் வளையமும் சேருது. வீட்டுக்குள்ள பாத்தா இந்த வித்தியாசம் வேற மாதிரி இருக்கு.

போட வேண்டியது 200 ஐஎஸ்ஓ கலர் ரோல், 36 ஷாட். கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) துறைமுகத்துல காலையில படகுகள், அப்புறம் புதுச்சேரி பீச் ரோடு, ஒயிட் டவுன் தெருக்கள். ரோல் விக்கிற விலைக்கு ஒண்ணுகூட வீணாகக் கூடாது. ஆப்பை நம்பட்டுமா, கேமராவை நம்பட்டுமா? இன்னொண்ணு, பின்கதவைத் திறந்தா ஓரத்துல கறுப்பா தார் மாதிரி கையில ஒட்டுது. அதை அப்படியே விடலாமா?

---

மூன்றாம்_ஸ்டாப் (புதுச்சேரி)

மீட்டர் கெட்டுப்போகவில்லை. செல்தான் பொய் சொல்கிறது.

எஸ்ஆர்டி 101 வந்தது 1966-இல். அதன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச செல்லுக்காக அளந்து வைக்கப்பட்டது. பாதரச செல் தீரும்வரை அதே 1.35-ஐக் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், வோல்டேஜைச் சீராக்கும் சுற்று எதையும் உள்ளே வைக்கவில்லை. பாதரசம் நச்சு என்பதால் அந்த செல்கள் இன்று விற்பனையில் இல்லை. நீங்கள் போட்டிருக்கும் எல்ஆர்44 அல்கலைன், புதிதாக இருக்கும்போது 1.5 வோல்ட்டுக்கு மேல். வோல்டேஜ் கூடினால் முள் தேவைக்கு மேல் ஏறும். வெளிச்சம் அதிகம் என்று நினைத்து நீங்கள் அபெர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) மூடுவீர்கள், நெகட்டிவ் வெளுத்துப் போகும். நீங்கள் சொல்லும் ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் வித்தியாசம் அதே திசையில்தான் இருக்கிறது.

அப்படியானால் ஏஎஸ்ஏ (ஐஎஸ்ஓவின் பழைய பெயர்) டயலை 80-இல் வைத்துச் சரிக்கட்டலாமே என்று தோன்றும். அல்கலைனில் அது நிற்காது. ஒன்று, அதன் வோல்டேஜ் முதல் நாளிலிருந்தே இறங்கிக்கொண்டே வரும். இந்த வாரம் சரியான திருத்தம் அடுத்த மாதம் தப்பாகும். இரண்டு, பிழை எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவில் இருக்காது. வீட்டுக்குள் வித்தியாசம் மாறியதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

செய்ய வேண்டியது இது. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 அளவு ஜிங்க்-ஏர் செல் வாங்குங்கள். மருந்துக்கடையில் இல்லையென்றால் காது கருவி விற்கும் கடையில் கிடைக்கும். அட்டையில் நீலநிற ஒட்டு இருந்தால் அதுதான் 675. ஆரஞ்சு 13, பழுப்பு 312, இவை சிறியவை. 675 ஏறக்குறைய 1.4 வோல்ட் கொடுக்கும், ஆயுள் முழுக்கப் பெரிதாக மாறாது. குறுக்களவு 11.6 மிமீ, உயரம் 5.4. பழைய 625 செல்லோ குறுக்கே 15.6 மிமீ. இந்த இடைவெளியை ஃபாயிலால் அடைக்காதீர்கள். ஃபாயில் கிழிந்து செல்லின் இரண்டு முனைகளையும் தொட்டால் ஷார்ட் ஆகும், துணுக்கு உள்ளே விழுந்தால் அது தனித் தலைவலி. பிளம்பிங் சாமான் கடையில் உள்விட்டம் 11 மிமீ, தடிமன் 2 மிமீ ஓ-ரிங் கேளுங்கள். செல்லைச் சுற்றி மாட்டினால் கச்சிதமாக உட்காரும். மூடியை நாணயத்தால் திருகிய பிறகும் முள் அசையாவிட்டால் உயரம் போதவில்லை என்று பொருள். மெல்லிய பித்தளை வாஷர் ஒன்று போதும்.

செல்லின் தட்டையான பக்கத்தில் நுண்துளைகள் தெரியும். காற்று உள்ளே போனால்தான் அது வேலை செய்யும், அவற்றை அடைக்காதீர்கள். ஒட்டைப் பிரித்து 5 நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். பிரித்தபின் சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதம். நம் கடலோர ஈரக்காற்றில் அதிக ஆயுளை எதிர்பார்க்க வேண்டாம். ஒட்டைத் திரும்ப ஒட்டி வைத்தாலும் பெரிய லாபமில்லை.

"1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு போட்டாலும் சரியாகக் காட்டும்" என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் போன்றவற்றுக்குப் பொருந்தும். அதன் மீட்டர் பிரிட்ஜ் சுற்று, வோல்டேஜ் மாறினாலும் முள் நடுவில் நிற்கும் இடம் மாறாது. எஸ்ஆர்டி அந்த வகை இல்லை.

---

ஸ்க்ரூட்ரைவர்_செட் (கடலூர்)

செல் விஷயம் மேல சொன்னதுதான். ஃபிலிம் போடுறதுக்கு முன்னாடி கேமராவைப் பாக்கணும், அதைச் சொல்றேன்.

அந்தத் தார் பழைய ஃபோம். பின்கதவு வழியா வெளிச்சம் நுழையாம இருக்க கம்பெனி ஒட்டினது, வருஷம் ஆக ஆக இளகிப் பிசினா போயிடும். அப்படியே விட்டா ரெண்டு கெடுதல். ஃபிலிம்ல ஆரஞ்சு, மஞ்சள் கோடு விழும், அதுவும் நம்ம ஊர் வெயில்ல கேமராவைக் கழுத்துல தொங்கவிட்டு நடந்தா சொல்லவே வேணாம். ரெண்டாவது, உதிர்ற துகள் ஷட்டர் திரையில போய் ஒட்டும்.

ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், மூங்கில் பல்குச்சி, பழைய காட்டன் துணி, இவ்வளவு போதும். கேமராவோட முதுகு கீழ பாக்கிற மாதிரி பிடிச்சுக்கோங்க, துகள் வெளியே விழட்டும். குச்சி நுனியில ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டு, பள்ளத்துல வச்சு மெதுவா வழிங்க. மேல் பள்ளம், கீழ் பள்ளம், கீல் பக்கம், மூணும் பாருங்க. கீல் பக்கத்துலதான் தடிமனா இருக்கும். ஆல்கஹாலைப் பாட்டில்ல இருந்து நேரா ஊத்தாதீங்க. ஷட்டர் துணித் திரை, அதுல விரல் பட வேணாம். பள்ளம் சுத்தமானதும் கறுப்புக் கம்பளி நூலை அழுத்தி வச்சாலே வெளிச்சம் நிக்கும், கீலுக்கு மட்டும் 2 மிமீ கறுப்பு ஃபோம் வெட்டி ஒட்டுங்க.

லென்ஸைக் கழட்டி மேலே பாருங்க, ஷட்டர் தட்டும்போது எழும்புற முகக்கண்ணாடி போய் முட்டுற இடத்துல இன்னொரு ஃபோம் பட்டை இருக்கும். அதுவும் பிசினாகியிருந்தா கண்ணாடி மேலயே ஒட்டிக்கும். வழிச்சு எடுக்கும்போது கண்ணாடியைத் தொடாதீங்க. அதோட பூச்சு மேல்பக்கத்துலயே இருக்கு, துடைச்சா கோடு விழும், திரும்ப வராது.

அடுத்து ஷட்டர். பின்கதவைத் திறந்து, லென்ஸ் இல்லாம, வெளிச்சமான சுவரைப் பாத்து 1/1000-ல தட்டுங்க. முழுச் செவ்வகமும் பளிச்சுனு ஒரே மாதிரி தெரியணும். ஒரு ஓரம் இருட்டா இருந்தா ரெண்டு திரையும் ஒத்து ஓடல, அந்த வேகத்தைத் தொடாதீங்க, 1/500-ல பாருங்க. மெதுவான வேகத்துக்கு போன்ல சத்தத்தைப் பதிவு பண்ணி, முதல் சத்தத்துக்கும் கடைசிச் சத்தத்துக்கும் இடைவெளி பாருங்க. 1 விநாடி வச்சது ஒன்றரை ஆச்சுன்னா உள்ளே கிரீஸ் காய்ஞ்சிருக்கு. இந்தச் சோதனை 1/30 வரைக்கும்தான் நம்பலாம்.

செல் அறையில பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கா? அது பெரும்பாலும் அல்கலைன் கசிவு. காது குடைற பட்ஸ்ல வினிகர் தொட்டுத் துடைச்சு, அப்புறம் ஆல்கஹால்ல துடைங்க. அறைக்குக் கீழே போற ஒயர் அரிச்சிருந்தா முள்ளு துள்ளும், இல்லேன்னா செத்துக் கிடக்கும். ஒயர் மாத்துறது சாதாரண சால்டரிங் வேலை. ஆனா மேல்மூடியை மட்டும் நீங்களா கழட்டாதீங்க. மீட்டரை இழுக்கிறது உள்ளே நூலும் கப்பியும்தான். நூல் ஒரு தடவை கப்பியை விட்டு நழுவிச்சுன்னா திரும்பக் கோக்கத் தெரிஞ்சவங்க கையிலதான் கொடுக்கணும்.

---

ஆயி_மண்டபம் (புதுச்சேரி)

இரண்டு பதிலும் சரி. ஆனால் மீட்டர் துல்லியமாக ஆன பிறகும் அது சொல்வதை அப்படியே கேட்டால் பீச் ரோட்டில் பாதிப் படம் போகும். எந்த மீட்டரும் தன் முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டுதான் கணக்குச் சொல்லும். பாரதி பூங்காவுக்குள் நின்று வெள்ளை வெளேரென்ற ஆயி மண்டபத்தைச் சட்டம் (ஃபிரேம்) நிறைய வைத்து முள்ளை வளையத்தில் சேர்த்தால், படத்தில் மண்டபம் சாம்பலாக வரும். அங்கே ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் திறக்க வேண்டும். அதே ஆளே கடற்கரைச் சாலைக்குப் போய்க் கரும்பாறைகளைக் காட்டி அளந்தால் கதை தலைகீழ்: பாறை சாம்பலாகும், அலை நுரை வெந்துபோகும். அங்கே ஒன்று, ஒன்றரை ஸ்டாப் மூட வேண்டும். ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்கள் நடுத்தரத்தை விட ஒரு ஸ்டாப் அளவுக்குப் பிரகாசம், ஒரு ஸ்டாப் திறங்கள்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்யாமல் தப்பிக்க வழி உண்டு. நீங்கள் எடுக்கும் பொருளின் மேல் விழும் அதே வெளிச்சம் விழுகிற புல்தரையை அளங்கள், அது நடுத்தரத்துக்கு மிக அருகில் வரும். புல் இல்லையென்றால் உங்கள் உள்ளங்கை. ஆள் கறுப்போ சிவப்போ, உள்ளங்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வெளுப்பு, நடுத்தரத்தை விட ஒரு ஸ்டாப் கூட. கையை வெயிலில் நீட்டி, உங்கள் நிழல் விழாமல் சட்டத்தை நிரப்பி அளந்து, ஒரு ஸ்டாப் திறந்து பூட்டிவிடுங்கள். கை ஃபோக்கஸில் இல்லாவிட்டால் பரவாயில்லை. அதே வெயிலில் நிற்கும்வரை மீட்டரைத் திரும்பப் பார்க்கவே வேண்டாம்.

எஸ்ஆர்டிக்கென்றே ஒரு குணம் உண்டு. உள்ளே வெளிச்சத்தை அளக்கும் இரண்டு சிடிஎஸ் கண்கள், ஒன்று சட்டத்தின் மேல்பாதியையும் ஒன்று கீழ்பாதியையும் பார்க்கும். மேலே வானம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் கீழே இருப்பதைக் கெடுக்காதபடி இரண்டையும் இணைத்திருக்கிறார்கள். படகும் வானமும் சேர்ந்த காட்சிக்கு இது பெரிய உதவி. ஆனால் கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால்தான். செங்குத்தாகத் திருப்பினால் மேல், கீழ் என்ற கணக்கு போய்விடும். ஆகவே படுக்கையாகப் பிடித்து அளந்து, பிறகு திருப்பி எடுங்கள்.

காலை வெளிச்சத்தின் திசையையும் கணக்கில் வையுங்கள். நமக்குச் சூரியன் கடலிலிருந்து எழும். ஓ.டி.யில் கிழக்கே பார்த்துப் படகை எடுத்தால் படகு முழுக்க எதிர்வெளிச்சத்தில் நிற்கும், மீட்டர் சொல்வதை எடுத்தால் கறுப்பு உருவம்தான். படகின் வண்ணம் வேண்டுமானால் கிட்டப் போய்ப் படகின் நிழல்பக்கத்தை மட்டும் அளந்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் மூடி எடுங்கள். புதுச்சேரி பீச் ரோட்டுக் கட்டடங்கள் கிழக்கு பார்த்தவை. காலையில் முகத்தில் வெயில், மதியத்துக்கு மேல் நிழல். பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

மீட்டரே இல்லாமல், 200 ஃபிலிமுக்கு 1/250 வைத்து: நிழல் கூர்மையாக விழும் வெயிலுக்கு எஃப்/16, நிழல் ஓரம் மங்கினால் 11, நிழலே விழாத வெளிச்சமான மேகத்துக்கு 8, கனத்த மேகம் அல்லது திறந்த நிழலுக்கு 5.6. உங்கள் ஆப் சொன்ன 1/125, எஃப்/8 இந்தக் கடைசிக் கணக்கேதான். அந்த ஆப் உங்களிடம் பொய் சொல்லவில்லை.

கலர் நெகட்டிவ் ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் கூடினால் தாங்கும். ஒரு ஸ்டாப் குறைந்தாலே நிழல்கள் சேறாகிவிடும். சந்தேகம் வந்தால் திறக்கும் பக்கம் போங்கள்.

---

கெடிலக்கரை

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. 675-ம் ஓ-ரிங்கும் கிடைச்சுது, ஃபோமையும் வழிச்சாச்சு. இப்ப அதே சுவர்ல ஆப்புக்கும் கேமராவுக்கும் அரை ஸ்டாப்தான் வித்தியாசம். வெயில் பட்ட மதில்லயும் அதே அரை, தாழ்வாரத்துலயும் அதே அரை. ஆனா வெயில்ல இருந்து உள்ளே வந்த உடனே பாத்தா முள்ளு நிலையா நிக்க மாட்டேங்குது, கொஞ்சம் கொஞ்சமா நகருது. 1.55 செல்லுக்கு டையோடு (வோல்டேஜைக் குறைக்கிற சின்னப் பாகம்) வச்ச அடாப்டர் விக்கிறாங்களே, அதை வாங்கினா இது சரியாகுமா?

---

மூன்றாம்_ஸ்டாப்

எல்லா வெளிச்சத்திலும் அதே அரை ஸ்டாப் என்றால் கவலையே இல்லை, நல்ல செய்தி. கேமரா இன்னமும் குறைத்துத்தான் சொல்கிறதென்றால் 200 ரோலுக்கு டயலில் 200-க்கும் 100-க்கும் நடுவே வையுங்கள். வெளிவளையத்தைத் தூக்கித் திருப்பினால் ஏஎஸ்ஏ எண் மாறும். ஒப்பிடும்போது போனின் கேமரா உங்கள் 55 மிமீ லென்ஸை விட அகலமாகப் பார்க்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஆப்பில் ஸ்பாட் அளவீடு இருந்தால் அதை வைத்து, ஒரே சீரான சுவரில் பாருங்கள்.

முள் நகர்வது செல்லின் குற்றம் இல்லை. சிடிஎஸ் கண்ணுக்கு வெளிச்ச நினைவு உண்டு. கடுமையான வெயிலைப் பார்த்துவிட்டு இருட்டுக்கு வந்தால் சில விநாடி முதல் ஓரிரு நிமிடம்வரை அது பழைய வெளிச்சத்தையே கொஞ்சம் சொல்லிக்கொண்டிருக்கும். லென்ஸை மூடி வைத்து ஒரு நிமிடம் பொறுத்து அளங்கள். கோயில் பிராகாரம், மார்க்கெட் உள்பகுதி என்று போகும்போது இது அடிக்கடி வரும். இன்னொன்று, அந்தக் கண்கள் வியூஃபைண்டர் பட்டகத்தின் மேலேயே இருப்பதால், கண் வைக்கும் துளை வழியாகப் பின்னாலிருந்து வரும் வெளிச்சமும் அவற்றைத் தொடும். மூக்குக்கண்ணாடி போட்டவர் முதுகில் வெயில் அடித்தால் கையால் மறைத்துப் பாருங்கள்.

டையோடு அடாப்டர் மோசமில்லை, சில்வர் ஆக்சைடு செல் நீண்ட நாள் வரும் என்பது அதன் லாபம். ஆனால் டையோடில் குறையும் வோல்டேஜ் அதில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. வெளிச்சம் குறைந்தால் ஓட்டமும் குறையும், குறைக்கும் அளவும் சுருங்கும். உள்ளறைப் படங்கள்தான் உங்கள் சிக்கல் என்றால் 675-லேயே இருங்கள்.

பார்க்காதபோது அடியில் உள்ள சுவிட்சை ஆஃபில் வையுங்கள். பிசி என்ற நிலை செல் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க மட்டும். லென்ஸ் பக்கத்தில் உள்ள ஸ்டாப்-டவுன் பொத்தான் அமுங்கியே கிடந்தால் காட்சி இருண்டு, அளவும் தப்பும். திரும்ப ஒரு தரம் அழுத்தி விடுவித்துவிட்டு அளங்கள். பின்னால் எம்சி (கேமரா மீட்டரோடு இணையும் வகை) அல்லாத பழைய ரோக்கார் லென்ஸ் ஏதாவது வாங்கினால் மட்டும், அந்தப் பொத்தானை அழுத்தியபடிதான் அளக்க வேண்டும்.

---

ஸ்க்ரூட்ரைவர்_செட்

ரோல் போடும்போது ஒரே ஒரு தப்புதான் எல்லாரும் பண்றது: ஃபிலிம் ஸ்பூல்ல மாட்டாமலே 36 ஷாட்டும் தட்டிட்டு, லேப்ல இருந்து வெறும் ரோல் வாங்குறது. ஃபிலிமோட நுனி நாக்கை ஸ்பூல் பிளவுல நல்லா நுழைச்சு, ஒரு தடவை லிவரைத் தள்ளி, மேல் துளை கீழ் துளை ரெண்டும் பல்லுல உக்காந்துச்சான்னு கண்ணால பாத்துட்டுத்தான் கதவை மூடணும். அப்புறம் ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறித் திசையில லேசா சுத்தி, தொய்வு போனதும் விட்டுடுங்க. இப்ப லிவரை இழுக்கும்போது அந்தக் குமிழ் தானா எதிர்த்திசையில சுத்தணும். சுத்தலேன்னா ஃபிலிம் நகரல, உடனே திறந்து திரும்ப மாட்டுங்க. போறது ரெண்டு ஃபிரேம்தான்.

ஃபிரிட்ஜ்ல வச்ச ரோலை ஒண்ணு ரெண்டு மணி நேரம் வெளியே வச்சுட்டு டப்பாவைத் திறங்க, இல்லேன்னா ஃபிலிம் மேலயே வேர்க்கும். ஏசி ரூம்ல இருந்து பீச்சுக்குப் போறப்பவும் அதே கதை. கேமராவை ஜிப் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போய், கவர் வெளியே வேர்த்துக் காய்ஞ்ச பிறகு திறங்க. அலைப்பக்கம் நின்னுட்டு வந்தா, நல்லா பிழிஞ்ச ஈரத்துணியால உலோகப் பகுதியைத் துடைச்சு, காய்ஞ்ச துணியால ஒத்துங்க. உப்பு உக்காந்த இடத்துலதான் ஸ்க்ரூ துருப்பிடிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில தோல் பையிலேயே மூடி வச்சிராதீங்க, லென்ஸ்ல பூஞ்சை ஏறும். காத்துப் புகாத டப்பா, சிலிகா ஜெல், உள்ளே ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதம்.

36 ஆனதும் லிவர் இறுகும். பலம் குடுக்காதீங்க, துளை கிழியும். அடியில இருக்கிற ரீவைண்ட் பொத்தானை அழுத்திட்டு, அம்புக்குறித் திசையில நிதானமா சுத்துங்க. கடைசியில லேசா ஒரு இழுவை இருந்து சட்டுனு விடுபடும், ஃபிலிம் ஸ்பூலை விட்டு வந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு அப்புறமும் நாலு சுத்து சுத்திட்டு, நிழல்ல நின்னு கதவைத் திறங்க.

---

ஆயி_மண்டபம்

ஒரு சேர்க்கை. இந்த முதல் ரோலில் ஆறு ஃபிரேமை மீட்டருக்கென்றே ஒதுக்குங்கள். ஒரே காட்சி, ஒரே வெயில், 1/250 மாறக் கூடாது. எஃப்/16-இல் தொடங்கி 11, 8, 5.6, 4, 2.8 என்று ஆறு. எந்த ஃபிரேம் எந்த அபெர்ச்சர் என்று எழுதி வையுங்கள். லேபில் நெகட்டிவைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்பவர் ஒவ்வொரு படத்தையும் கணினியில் சரிசெய்துவிடுவார், ஸ்கேனில் ஆறும் ஒரே மாதிரி தெரியக்கூடும். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நிழல் இருந்த இடம் ஃபிலிமின் வெறும் ஓரம் போலவே தெளிவாகக் கிடந்தால் அங்கே எதுவும் பதியவில்லை. நிழலுக்குள் முதன்முதலாக உருவம் தெரிய ஆரம்பிக்கும் ஃபிரேம் எது என்று பார்த்து, மீட்டர் அன்று சொன்ன அளவோடு ஒப்பிட்டால், டயலை 100-இல் வைப்பதா 160-இல் வைப்பதா என்று தெரிந்துவிடும்.